குதிரைசக்தியும் கொள்வோர் சித்தமும்

(மயிலாப்பூரில் அன்பர்கள் கூடிய அவையொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கச்சேரிக்கும் காலட்சேபத்துக்கும் பழகிப்போன மயிலாப்பூர் மண்டபமொன்றில் கார்களைப் பற்றி ஒருவன் பிரசங்கம் செய்வதா என்று முகம் சுளிப்போர் இந்த அவையிலேயே சிலர் இருக்கக்கூடும். பாரி கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான யார்க் என்னும் ஆங்கிலேயர், அடையாற்றிலிருந்த பென்ஸ் கார்டன்ஸ் இல்லத்திலிருந்து கோட்டைக்கு வடக்கேயுள்ள தம் காரியாலயத்துக்கு 1901-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டியில் போய்வரத் தொடங்கியது முதல், இந்நகரின் தென்பகுதிக்கும் காருக்கும் ஏற்பட்ட சம்பந்தம் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது என்பதே அவர்களுக்கு நான் கூறும் சமாதானம். கார் வைத்திருப்பது வேறு, காரைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பது வேறு. முன்னது காசுள்ளவருக்கே வாய்ப்பது. பின்னதில் மயிலையும் தியாகராய நகரும் அடையாறும் என்றுமே பெருஞ்செல்வர்களாக இருந்து வந்திருக்கின்றன.

அந்த அபிப்பிராயங்களில் தலையாயது ஒரு மனக்குறை. ஜி.என். செட்டி சாலைக் காபிக் கடைகளிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் கூடும் இளைஞர்களின் பேச்சைச் சற்று நின்று கேட்பீர்களானால், நம் நாட்டுக் கம்பெனிகள் உயரமான, பருமனான, கூரையில் கண்ணாடி பதித்த, முன்னால் தொலைக்காட்சிப் பெட்டியளவு திரை வைத்த வண்டிகளையே வரிசை வரிசையாக வெளியிடுகின்றனவென்றும், ஓட்டுபவனுக்கு உற்சாகம் அளிக்கும் வண்டி எப்போதாவது ஒன்று பிறந்தாலும் அது நடைபழகுமுன் அதன் கதையை முடித்துவிடுகின்றனவென்றும் அவர்கள் அங்கலாய்ப்பது காதில் விழும். இக்குற்றச்சாட்டை விசாரித்துப் பார்ப்பதே என் உத்தேசம். விசாரணையின் முடிவு என்னவென்பதை ஒளித்துவைக்க நான் விரும்பவில்லை. ரசிகர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் கேட்கும் பொருள் ஒன்று, உண்மையில் அவர்களுக்கு வேண்டிய பொருள் மற்றொன்று. குதிரைசக்தியைக் கேட்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியதோ வண்டியின் அடிவயிற்றில், வாங்குபவன் குனிந்து பாராத இடத்தில் இருக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்றை இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். சுதந்திரம் வந்த சூட்டோடு தோன்றி, வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை அமைத்துக்கொண்ட ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பம்பாய்க்கு ஒரு பியட், கல்கத்தாவுக்கு ஒரு அம்பாஸடர் என்றிருந்த காலத்தில் சென்னைக்கென்று சொந்தமாக ஒரு கார் இருந்தது என்றால் அது அந்தக் கம்பெனி 1961-இல் வெளியிட்ட ஹெரால்டுதான். மிக்கெலோட்டி என்னும் இத்தாலியச் சிற்பி வரைந்த வடிவம். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக மேலே தூக்கிக்கொள்ளும் அழகு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுவதால், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் விழி பிதுங்கும் மாட வீதியில்கூட ஓட்டுபவனுக்கு மானம் காத்த சாமர்த்தியம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. எஞ்சினோ 948 சி.சி., ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆனால் அம்பாஸடரும் பியட்டும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டில் பூட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டின் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதும், அதன் ஸ்டீயரிங் பல்சட்டத்தை நேரே பற்றித் திருப்பும் வகையைச் சேர்ந்ததாகையால் சாலையின் சேதியை ஒளிவுமறைவின்றிக் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதும் விளம்பரத்தாளைப் படித்தவருக்கு அல்ல, ஓட்டியவருக்கே விளங்கியவை.

இந்த நற்குணத்துக்கு ஒரு தோஷமும் உண்டு. குறுக்கே கிடத்திய ஸ்பிரிங் பட்டையில் தொங்கிய அந்தப் பின்சக்கரங்கள், வளைவில் வேகமாகத் திரும்பும்போது உட்புறமாக மடங்கிக்கொள்ளும் சுபாவம் உடையவை. அவ்வேளையில் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவனை வண்டி மன்னிக்காது. தவிரவும், நால்வருக்கான வண்டியில் எழுவரை ஏற்றித் திருப்பதிக்குக் கிளம்பும் நம்மவர் வழக்கத்தை அவ்வமைப்பைச் செய்த ஆங்கிலேயர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். கம்பெனியார் முதலில் ஆங்கிலேயரே செய்திராத நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்து காட்டினர். பின்பு 1972-இல் கேஸல் என்னும் பெயரில் வந்த வண்டியில், சுயேச்சையாக ஆடிய அந்தப் பின்சக்கர அமைப்பை அகற்றிவிட்டு, உழைப்புக்கு அஞ்சாத பழைய ஒற்றைத் தண்டை வைத்தனர். ரசிகர்கள் இதனைத் துரோகம் என்றனர். இன்றும் என்பார் உளர். என் பக்ஷம் அவ்வாறன்று. நம் சாலையையும் நம் குடும்பத்தையும் நினைத்துச் செய்த காரியம் அது. விவேகமான காரியமென்றே சொல்வேன். குறையெல்லாம் அங்கேயே நின்றுவிட்டதுதான். பின் அச்சை மாற்றியவர்கள் எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ ஒரு படி உயர்வு தந்திருந்தால் கேஸலின் கதை 1977-உடன் முடிந்திராது.

அதே கம்பெனி 1985-இல் செய்தது விவேகத்தில் சேராது. பிரிட்டனில் ரோவர் கம்பெனி 1976-இல் வெளியிட்டு, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதைப் பெற்ற எஸ்.டி. 1 என்னும் வண்டியின் உடலை நம்மவர் வாங்கினர். கூர்த்த நாசியும் சரிந்த முதுகுமாக, அம்பாஸடர்களுக்கு நடுவே அது மவுண்ட் ரோட்டில் வந்தபோது ஜனங்கள் நின்று பார்த்தது வாஸ்தவம். அவ்வுடலுக்கு அதன் தாயகத்தில் அமைந்திருந்தது எட்டு சிலிண்டர் கொண்ட மூன்றரை லிட்டர் எஞ்சின். நம்மவர் அதற்குள் வைத்ததோ, 1940-களில் வேன்கார்டு காருக்கென்று பிறந்து, பெர்குசன் டிராக்டரிலும் உழைத்துத் தேர்ந்த பரம்பரையைச் சேர்ந்த 1,991 சி.சி. எஞ்சின். பலம் 83 குதிரைசக்தி. பள்ளங்களுக்குப் பயந்து வண்டியின் உடலையும் சற்று உயர்த்திவிட்டனர். ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டுப் பணக்காரருக்கென்று விலையும் வைத்தார்கள். புதுத் தேருக்குப் பழைய வடத்தைப் பூட்டி ஊரைக் கூட்டியது போலாயிற்று. அந்நியச் செலாவணிக்கும் லைசென்ஸுக்கும் டில்லியின் வாசலில் காத்துக்கிடந்த அக்காலத்தில், தங்களுக்குப் பழக்கமான எஞ்சினையே நாடியது அவர்கள் அளவில் சிக்கனமாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அவ்வளவு பணம் கொடுப்பவன் எஞ்சினைக் கவனிக்கமாட்டான் என்று கணக்கிட்டது வாங்குபவனின் அறிவைப் பற்றிய தப்புக் கணக்கு. மூன்றாண்டில் தொழிற்சாலையே மூடப்பட்டது. மிஞ்சிய உறுப்புகளை, பழைய ரோவர் வண்டிகளைப் பராமரிக்கும் பிரிட்டிஷ் வியாபாரிகள் வாங்கிச் சென்றார்கள் என்பது அக்கதையின் அநுபந்தம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. உலக யுத்தத்துக்கென்று போட்டு, யுத்தம் முடிந்தபின் புல் முளைத்துக் கிடந்த சோழவரம் விமானத்தளத்தில், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. ஹெரால்டு, பியட், அம்பாஸடர் என்று வீட்டு வேலைக்குப் பிறந்த வண்டிகளையெல்லாம் கழற்றி, தேய்த்து, கனம் குறைத்து அங்கே ஓட்டியவர்களைப் பார்க்கச் சைதாப்பேட்டையிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் வெயிலைப் பொருட்படுத்தாது சென்றவர் பலர். 1990-இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த 3.7 கிலோமீட்டர் பாதைக்கு மாறியது. அந்தச் சந்தியில் கோயம்புத்தூர் கரிவரதன் செய்த காரியம் ஒன்று இன்று நான் பேசும் பேச்சுக்கே அஸ்திவாரம். மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை, நம் வீட்டுப் பெண்டிர் காய்கறி வாங்க ஓட்டிச் சென்ற அதே எஞ்சினை, ஒருவர் மட்டும் அமரும் இலேசான பந்தய வண்டியில் வைத்து, பார்முலா மாருதி என்னும் வகுப்பையே அவர் உண்டாக்கினார். அந்தச் சிறு வண்டியில் பந்தயப் பாடம் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். நாற்பது குதிரைசக்தி கற்றுக்கொடுக்காத எதையும் நானூறு குதிரைசக்தி கற்றுக்கொடுத்துவிடாது என்று பந்தயக்காரர் சொன்னால் நம்பலாம். அவர்களுக்கு அது அநுபவம்.

இனி, கம்பெனிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். உற்சாகமான வண்டிகள் ஏன் மடிகின்றன என்று கேட்டால், முதலாளியின் கோழைத்தனம் என்று ரசிகர் சொல்வார். நான் தீர்வைச் சட்டத்தைச் சுட்டுவேன். 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த நிதியமைச்சர் சிதம்பரம், நீளம் நான்கு மீட்டருக்கும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கும், டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்கும் மேற்படாத வண்டிகளுக்கு உற்பத்தித் தீர்வையை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய வண்டியை ஏழைக்கு எட்டச் செய்வது நல்ல நோக்கமே. ஆனால் அந்நாள் முதல் நம் நாட்டில் கார் வரைபவன் பென்சிலை எடுக்குமுன் அளவுநாடாவை எடுக்கத் தொடங்கினான். பின்புறத்தை வெட்டி நான்கு மீட்டருக்குள் திணித்த டிக்கிகளைப் பாருங்கள்; அவற்றை வரைந்தது அழகுணர்ச்சியல்ல, தீர்வை. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. திருத்தப்பட்டு, எல்லைக்கு உட்பட்டவைக்கு 18 சதவீதம், மிஞ்சியவைக்கு 40 என்று ஆனபோதும் எல்லைக்கோடு அதே இடத்தில்தான் நிற்கிறது. சிறிய உடலில் ஒரு 1.6 லிட்டர் எஞ்சின், அதாவது ரசிகன் கனவு காணும் அந்தச் சரியான கலவை, பெரிய வண்டிக்குரிய தீர்வையைச் சுமக்க வேண்டியதாயிற்று. அதனைச் செய்யும் கம்பெனி தன் கணக்குப்பிள்ளையிடம் பேச்சு வாங்குகிறது.

மறைமலை நகர் போர்டு தொழிற்சாலையின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1999-இல் அங்கிருந்து வெளிவந்த ஐகான், நம் நாட்டுக்கென்றே செய்த வண்டி. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 92 குதிரைசக்தி தந்தது. ஆயினும் அதை ஓட்டியவர்கள் இன்றும் பேசுவது அந்த எண்ணையல்ல, திண்டிவனம் சாலையின் வளைவில் ஸ்டீயரிங் கையோடு பேசிய பேச்சை. 'எவ்வளவு கொடுக்கும்?' என்று ஷோரூமில் முதற்கேள்வி கேட்ட தந்தைமார்களுக்கும், 'பிக்கப் எப்படி?' என்று இரண்டாம் கேள்வி கேட்ட பிள்ளைமார்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டும் அது பேர் வாங்கியது. பின்னர் வந்த பியஸ்டா, பீகோ, நான்கு மீட்டருக்குள் அடங்கிய எக்கோஸ்போர்ட் ஆகியவற்றிலும் அக்குடும்ப லட்சணம் குன்றவில்லை. எனினும் பத்தாண்டில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி அக்கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் மறைமலை நகரை விட்டு வெளியேறியது. அன்று ரசிகர்கள் எழுதிய இரங்கலுரைகளை ஒரு புத்தகமாகவே தொகுக்கலாம். அவ்வளவு பேரும் புது வண்டியாக ஒன்று வாங்கியிருந்தார்களா என்று கேட்டால் சங்கடமான மௌனம்தான் பதில்.

இந்தச் சங்கடத்தை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூடி, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்றொரு சிறு காரை வெளியிட்டனர். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைசக்தி, விலை ஆறரை லட்சத்துக்குள். பந்தயக்காரர்கள் கைவைத்துச் சீர்படுத்திய சஸ்பென்ஷனோடு அவ்விலைக்கு ஒரு வண்டி கிடைப்பது ரசிகர்கள் பல்லாண்டு ஜபித்த மந்திரத்தின் பலன் அல்லவா? இரண்டே ஆண்டில், 2020-இல் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தபோது, அதைப் புதிய விதிக்கேற்பத் திருத்தும் செலவை ஏற்பாரின்றி அது மறைந்தது. அதே விதி மாருதியின் பலேனோ ஆர்.எஸ்.ஸையும் கொண்டுபோயிற்று. மறைந்தபின் இவ்வண்டிகளுக்குப் பழைய கார்ச் சந்தையில் ஏற்பட்ட கிராக்கியைப் பார்க்கும்போது, உயிரோடிருக்கையில் ஒரு வாய்ச்சோறு போடாமல் சிராத்தத்தை மட்டும் சிறப்பாகச் செய்யும் உறவினர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

கம்பெனியும் ரசிகரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்ட சந்தர்ப்பம் இல்லாமலில்லை. ஹுண்டாய் 2021-இல் ஐ20 என்-லைன் என்னும் வண்டியை இருங்காட்டுக்கோட்டையில் செய்யத் தொடங்கியது. ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் 120 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சற்று இறுகிய சஸ்பென்ஷன். எல்லாம் கொடுத்தவர்கள் கிளட்ச் மிதியை மட்டும் எடுத்துவிட்டார்கள்! காலால் மிதித்துக் கையால் மாற்றும் சாதாரணக் கியர் வேண்டுமென்று ரசிகர் ஒரே குரலாகக் கூவினர். 2023-இல் அது வந்தது. சிறு வெற்றிதான். ஆனால் அவர்கள் அன்று கேட்டது கூடுதல் பலத்தையல்ல, ஓட்டுபவனுக்குரிய வேலையை என்பதைக் கவனியுங்கள்.

செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2021 முதல் பூட்டி அனுப்பும் ‘எம்340ஐ’ என்னும் கார், வந்த புதிதில் 387 குதிரைசக்தியோடு 4.4 நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது; நம் அரட்டையில் அடிக்கடி அடிபடும் வண்டி. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன். பணமுள்ளவருக்கு உலகில் எக்காலத்திலும் எதுவும் கிடைத்தே வந்திருக்கிறது.

எனக்கு விசேஷமாகத் தோன்றுவது அதே மகிந்திரா சிட்டியிலுள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகி, 2024 நவம்பர் 26-இல் சென்னையிலேயே திரை விலக்கிய பி.இ. 6 என்னும் மின்சாரக் கார். பின்சக்கரங்களைச் சுழற்றும் அதன் ஒற்றை மோட்டார் உயர்ந்த வகையில் 286 குதிரைசக்தி தருகிறது. அவ்வகைக்கு முதலில் கூறிய விலையே 27 லட்சத்துக்குள். ஆறு மாதம் கழித்து, போக்ஸ்வாகன் கம்பெனி கால்ப் ஜி.டி.ஐ. என்னும் 265 குதிரைசக்தி வண்டியை ஜெர்மானிய நாட்டிலிருந்து தருவித்து, 53 லட்சம் என்று விலை கூறியது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் ராஜ்யத்தில் ஆயுள் தீர்வை 20 சதவீதம். அதையும் சேர்த்தால் ஆன்-ரோடு விலை என்னவாகும் என்பதை இங்குள்ள ஆடிட்டர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். மின்சார வண்டிக்கோ 2025-இல் அத்தீர்வையில் விலக்கு இருந்தது. ஆக, ஜி.டி.ஐ.க்குப் பலம் குறைவு, விலை இருமடங்கு. அப்படியிருந்தும் முதல் தவணையாக வந்த 150 ஜி.டி.ஐ.களும் விற்றுத் தீர்ந்தன.

அந்த 150 பேர் எதை வாங்கினார்கள்? குதிரைசக்தியை அல்ல என்பது பிரத்தியட்சம். பாட்டரியின் கனத்தைச் சுமக்காத உடலை வாங்கினார்கள். பலம் குறைந்த அந்த ஜெர்மானிய வண்டி 5.9 நொடியில் நூறைத் தொடுகிறது. பலம் மிகுந்த நம் வண்டிக்கு 6.7 நொடி வேண்டியிருப்பதற்கு எடைதான் பெரிய காரணம். ஸ்டீயரிங்கின் வாக்கு நாணயத்தையும், அரை நூற்றாண்டாக ஒரே வண்டியைத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வந்த கைப்பழக்கத்தையும் அவர்கள் வாங்கினார்கள். இனிவரும் காலத்தில் குதிரைசக்தியைப் போல மலிந்த பொருள் வேறொன்று இராது. மோட்டாரில் இன்னும் இரண்டு சுற்று செப்புக் கம்பி கூட்டினால் வருவது அது என்று சொன்னால் எஞ்சினியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் பெரும்பாலும் அப்படித்தான் ஆகப் போகிறது. எஞ்சினின் ஓசையேகூட இனி இசையமைப்பாளரைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளும் சரக்காகிவிட்டது. அந்த மகிந்திரா வண்டிக்கு ஒலி அமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்துக்கு இதனால் ஒரு புது வருமானம் என்று சந்தோஷப்படுவதா, நான்கு சிலிண்டரின் இயற்கைக் குரல் போயிற்றே என்று வருந்துவதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு நிச்சயம் ஏற்படவில்லை.

ஆகவே இளைஞர்களே, கம்பெனிகளிடம் பலத்தைக் கேட்பதை விட்டுவிடுங்கள், கேளாமலே தருவார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேளுங்கள். வெறும் வண்டியின் எடை எவ்வளவு, எந்த டயரோடு வருகிறது, ஐந்து பேர் ஏறியபின் பின் சஸ்பென்ஷனுக்கு இடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேளுங்கள். கூரைக் கண்ணாடிக்கும் திரையின் அங்குலத்துக்கும் பளபளக்கும் காகிதத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கும் விளம்பரத்தாளில், இந்த நான்கு எண்களுக்கு நான்கு வரி ஒதுக்க இடமில்லையென்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.

கம்பெனியாரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒத்திகை ஓட்டம் என்று நீங்கள் அளிப்பது, ஷோரூமிலிருந்து செனடாப் ரோடு வரை சென்று, மெட்ரோ ரயில் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, மூன்றாம் கியர் காணாமலே திரும்பிவரும் ஊர்வலம். அதில் தெரிவது ஏ.சி.யின் குளிர்ச்சி ஒன்றுதான். 2024 ஆகஸ்டு 31-இலும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் அடங்கிய மூன்றரைக் கிலோமீட்டரில் இரவுப் பந்தயம் நடந்தபோது, இந்நகர ஜனங்கள் வேகத்தை வேலிக்குப் பின்னால் கௌரவமாக நின்று ரசிக்கத் தெரிந்தவர்கள் என்பது நிரூபணமாயிற்று. நாட்டின் பெரிய கார்த் தொழிற்சாலைகளில் ஒன்றும், பந்தயப் பாதையும் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஒரே ஊரில் அண்டை வீட்டாராக அமர்ந்திருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாதையை வாடகைக்கு எடுத்து, முன்பணம் கட்டும் முன்பே வாங்குபவனை ஹெல்மெட்டுடன் அதில் நான்கு சுற்று ஓட்டிப் பார்க்க விடுங்கள். கட்டணம் வசூலித்தாலும் ஆக்ஷேபமில்லை. அவனுக்கு வண்டியின் யோக்கியதை தெரியும், உங்களுக்கு வாங்குபவனின் யோக்கியதை தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் தடுப்புக் கட்டி நிற்கும் போலீஸாருக்கும் சற்றுத் தூக்கம் கிடைக்கும்.